நீர் பெருக்கும் மூலிகையும் நீர் இறங்காத பாதையும்

அறுபதைத் தாண்டிய ஆண்கள் நாலு பேர் சேர்ந்து நடந்தால், பேச்சு சர்க்கரையில் தொடங்கி முழங்கால் வலிக்கு இறங்கி, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சிறுநீரில் வந்து நிற்கும். வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிக் காலையில் நடக்கும் எங்கள் கூட்டமும் இதற்கு விலக்கல்ல. பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதாலும், புராஸ்டேட் வீக்கத்துக்காக நானே சில ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுபவன் என்பதாலும், "கஷாயம் நல்லதா, இங்கிலீஷ் மருந்து நல்லதா சார்?" என்ற கேள்வி பெரும்பாலும் என் பக்கமே திரும்புகிறது. நடந்துகொண்டே சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொல்லைக்கென்று நம் பக்கத்தில் கொடுக்கப்படும் மூலிகைகளில் பெரும்பாலானவை சிறுநீரைப் பெருக்குவதற்கும் கல்லைக் கரைப்பதற்கும் பெயர் பெற்றவை. ஆனால் புராஸ்டேட் வீங்கிய ஒருவருக்குக் குறைவாக இருப்பது சிறுநீர் அல்ல, அது வெளியேறும் வழி. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எந்த மருந்தைப் பற்றி வாதிட்டாலும் அந்த வாதம் சாதிச் சண்டை போலத்தான் முடியும். இவர் சித்தர்களை இழிவுபடுத்திவிட்டார், அவர் கம்பெனிக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாட்டியதுபோல் அமைந்திருக்கிறது. இளைஞர் ஒருவருக்கு அது ஏறத்தாழ 20 கிராம் எடை இருக்கும். நாற்பது வயதுக்குப் பிறகு அதன் உட்பகுதி, அதாவது குழாயை நேரடியாக ஒட்டியிருக்கும் பகுதி, மெல்ல வளரத் தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனிலிருந்து சுரப்பிக்குள்ளேயே உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் இந்த வளர்ச்சிக்குத் தூண்டுதலாக இருக்கிறது. அறுபது வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பத்தைந்தைக் கடந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் இந்த வளர்ச்சி இருக்கிறது. இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே சுரப்பியில், ஒரே வயதில் வரக்கூடியவை என்பதால் இது இருக்கும்போது அது இல்லை என்று சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வெளியேறும் வழி குறுகுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சதை வளர்ந்து குழாயை நெருக்குவது. மற்றொன்று, சுரப்பியிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் இருக்கும் மென்தசைகள் இறுகிப்போவது. பெரிய சுரப்பி உள்ளவர் நிம்மதியாகத் தூங்குவதும், ஸ்கேனில் "லேசான வீக்கம்" என்று எழுதப்பட்டவர் இரவில் நாலைந்து முறை எழுவதும் இதனால்தான். ஸ்கேன் தாளில் இருக்கும் கிராம் கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும், அதே கணக்கைப் பார்த்து அலட்சியமாக இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: எடைக்கும் தொல்லைக்கும் நேரான தொடர்பு கிடையாது.

இனி மூலிகைக்கு வருகிறேன். லாங் பஜார் பக்கத்தில் நான் வழக்கமாகச் சுக்கும் அதிமதுரமும் வாங்கும் நாட்டு மருந்துக் கடையில் ஒருநாள் வேண்டுமென்றே, "வயசானவங்களுக்கு நீர் சரியா இறங்கலன்னா என்ன கொடுப்பீங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. ஒரு டப்பாவிலிருந்து நெருஞ்சில் முள்ளையும், இன்னொன்றிலிருந்து மாவிலங்கப் பட்டையையும், சாக்குப் பையிலிருந்து காய்ந்த சிறுபீளையையும், மூக்கிரட்டை வேரையும் அள்ளி ஒரு செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். நெருஞ்சில் முள் காய்ந்த பிறகும் விரலில் குத்தியது. "ஒண்ணும் பாதியுமா இடிச்சி, நாலு டம்ளர் தண்ணி ஊத்தி, ஒரு டம்ளரா சுண்ட வெச்சி, வெறும் வயித்துல குடிக்கச் சொல்லுங்க சார். நீர் சும்மா பிச்சிக்கினு போவும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இந்தச் சரக்குகள் நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கப்படுபவை. மரப்பட்டையான மாவிலங்கத்தைத் தவிர மற்றவை பாலாற்று மணலிலும் வயல் வரப்பிலும் தானாக முளைத்துக் கிடக்கும் செடிகள் என்பதால் விலையும் அதிகமில்லை.

ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்ன "பிச்சிக்கினு போவும்" என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. வட ஆர்க்காட்டுக்காரனுக்கு ஏரியை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். மதகின் கண் அடைத்துக்கொண்டு தண்ணீர் கழனிக்குப் போகாதபோது, வரத்துக் கால்வாயை அகலப்படுத்தி ஏரிக்கு மேலும் நீரைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கரைதான் பலவீனப்படும். நீர் பெருக்கும் சரக்கு சிறுநீரகத்தில் வேலை செய்து பைக்குள் அதிக நீரை அனுப்புகிறது. பையின் வாசலில் இருக்கும் நெரிசலை அது தொடுவதில்லை. பகலில் குடித்தால் பகலில் கூடுதலாக இரண்டு முறை போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்; மாலையில் குடிப்பவருக்கு இரவுத் தூக்கம் இன்னும் கெடும். அதே சமயம், நிறையச் சிறுநீர் போகிறது என்பதையே குணமடைந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

இந்த மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் சித்தப்பாவே சான்று. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர், உழைத்த உடம்பு, மருத்துவமனை வாசலை மிதிப்பதைத் தோல்வியாகக் கருதுகிறவர். நெருஞ்சில் குடிநீரைத் தவறாமல் குடித்துவந்தார். ஒரு மார்கழியில் சளி பிடித்ததென்று மருந்துக் கடையில் தானாகவே ஒரு சளி மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அடிவயிறு கல்லாக இருக்கிறதென்று சித்தி தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு நான் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், வேட்டி நனைந்திருந்தது, தொப்புளுக்குக் கீழே கையை வைத்தால் உருண்டையாக ஒரு மேடு தெரிந்தது. நீர் அடைத்துக்கொண்டிருக்கிறது, உடனே கிளம்ப வேண்டும் என்றேன். "இன்னாப்பா பேசற நீ? விடாம சொட்டிக்கினே கீது, அதப் போயி அடைப்புன்றியே?" என்றார்.

அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. பை முழுதாக நிரம்பி, அதற்கு மேல் இடமில்லாமல் வழிந்ததைத்தான் அவர் நன்றாகப் போவதாக நினைத்திருந்தார். மருத்துவமனையில் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் இறங்கியது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் அளவும் உயர்ந்திருந்தது. சளி மாத்திரைகளில் இருக்கும் சில பொருள்கள், குறிப்பாக மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரினும் தும்மலுக்கான குளோர்ஃபெனிரமினும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை முழுதாகவே அடைத்துவிடக்கூடியவை. முன்னது பைக்கழுத்துத் தசையை இறுக்குகிறது. பின்னது பை சுருங்கும் வலுவைக் குறைக்கிறது. கஷாயம் அவருக்கு அடைப்பை உண்டாக்கவில்லை. அடைப்பு வளர்ந்துகொண்டிருந்த மாதங்களில் "மருந்து சாப்பிடுகிறோம்" என்ற நிம்மதியைக் கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த நிம்மதிதான் என் கணக்கில் பெரிய கேடு.

நம் நாட்டுச் செடிகளுக்கு மட்டும் ஒரு நீதி, வெளிநாட்டுச் செடிகளுக்கு வேறு நீதி என்று நான் வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது சா பால்மெட்டோ குப்பிகள் வந்து இறங்குகின்றன. அது அமெரிக்காவின் தென்கிழக்கில், குறிப்பாக ஃபுளோரிடாவில் வளரும் குட்டைப் பனை வகை ஒன்றின் பழச்சாரம். புராஸ்டேட்டுக்கான மூலிகைகளிலேயே மிக விரிவாகச் சோதிக்கப்பட்டது அதுதான். 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில் 225 ஆண்கள் ஓராண்டு சேர்க்கப்பட்டனர். ஒரு பாதிக்கு 160 மில்லிகிராம் சா பால்மெட்டோ நாளுக்கு இருமுறை, மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அளவு போதவில்லை என்றார்கள் ஆதரவாளர்கள். ஆகவே 2011இல் ஜாமா இதழில் வந்த அடுத்த ஆய்வில் 369 பேருக்கு 72 வாரங்களில் படிப்படியாக அளவைக் கூட்டி, வழக்கமானதைப் போல் மூன்று மடங்கு, 960 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். தொல்லை கூடக் கூட ஏறும் அறிகுறி மதிப்பெண் சா பால்மெட்டோ சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 2.20 குறைந்தது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 2.99 குறைந்தது. 2023இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டு, பயன் இல்லை அல்லது இருந்தாலும் மிகச் சொற்பம் என்ற முடிவுக்கே வந்தது. விலை உயர்ந்த அந்தக் குப்பியைக் கொடுத்தனுப்பும் பிள்ளையின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை.

எல்லா மூலிகையும் தோற்றன என்று எழுதினால் அது நேர்மை ஆகாது. பீட்டா சிட்டோஸ்டிரால் என்ற தாவரக் கொழுப்புப் பொருளை 200 பேரிடம் ஆறு மாதம் சோதித்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று 1995இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அதில் அறிகுறிகளும் சிறுநீர் வேகமும் நன்றாகவே மேம்பட்டிருந்தன. ஆனால் சுரப்பியின் அளவு குறையவில்லை. நம் ஊர்ச் சரக்குகளைப் பொறுத்தவரை இருப்பவை பெரும்பாலும் சிறிய, குறுகிய கால ஆய்வுகள். புராஸ்டேட்டுக்கு நல்லதென்று சொல்லப்படும் பூசணி விதையை வறுத்துத் தின்பதில் எனக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. நானே தின்கிறேன், சுவைக்காக.

மேலே சொன்ன போலி மாத்திரைக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லாத மாத்திரைக்கே கிட்டத்தட்ட மூன்று மதிப்பெண் குறைகிறது என்றால், இந்த நோயின் தொல்லை தானாகவே ஏறி இறங்குவது என்று பொருள். ஒருவர் தொல்லை உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் மருந்து தேடுகிறார். அடுத்த மாதம் அது இயல்பாகவே சற்றுத் தணியும். அப்போது கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். வேலூரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. மார்கழிக் குளிரில் வியர்வை இல்லாமல் எல்லா நீரும் சிறுநீராகவே இறங்கி இரவில் பலமுறை எழுப்பும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரையில் உடம்பு வியர்த்து வடிந்து, சிறுநீர் குறைந்து, தூக்கம் மேம்படும். தையில் தொடங்கிய கஷாயம் சித்திரையில் "வேலை செய்யாமல்" எப்படி இருக்கும்?

இப்போது மருத்துவர் எழுதும் மாத்திரைகளைப் பார்ப்போம். முதல் வகை, இறுகிய தசையைத் தளர்த்துபவை: டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சிலோடோசின் முதலியவை. சில நாட்களிலேயே வேறுபாடு தெரியும்; சில வாரங்களில் முழுப் பலன் தெரியும். சுரப்பியை இவை சிறிதாக்குவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பழைய தொல்லை திரும்பும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம் என்பதால் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது கட்டிலில் சற்று உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடுவது சிலோடோசினில் அதிகம், டாம்சுலோசினிலும் உண்டு. இதனால் உடலுக்குத் தீங்கு இல்லை. ஆனால் முன்கூட்டி யாரும் சொல்லாததால் அதிர்ந்துபோய், வெளியே சொல்லவும் கூச்சப்பட்டு, மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். "இங்கிலீஷ் மருந்து சூடு, அதான் விந்தை வத்த வெச்சிடுச்சி" என்பது அவருடைய முடிவு. எங்கள் ஊரில் எல்லாப் பழியும் கடைசியில் சூட்டின் தலையில்தான் விடியும். சீட்டு எழுதும்போதே மருத்துவர் இரண்டு வரி சொல்லியிருந்தால் போதும்; வரிசையில் காத்திருக்கும் கூட்டம் அதற்கு இடம் தருவதில்லை என்பதையும் நான் அறிவேன்.

இவ்வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கண்புரை அறுவைக்குப் போகும்போது அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்ணின் கருவிழித்திரை தளர்ந்து துவண்டுபோகும் நிலை ஒன்று, டாம்சுலோசின் சாப்பிட்டவர்களிடம் 2005இல் கண்டறியப்பட்டது. முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற ஏற்பாட்டுடன் செய்வார். புராஸ்டேட்டும் கண்புரையும் ஒரே வயதில் வருகின்றன. இலவச முகாமுக்குப் பேருந்து ஏறும் பெரியவர் "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை" என்று சொல்வாரே தவிர இதைச் சொல்ல மாட்டார்.

இரண்டாம் வகை, சுரப்பியையே சுருக்குபவை: ஃபினாஸ்டிரைடும் டூட்டாஸ்டிரைடும். நான் முன்பு சொன்ன டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் உருவாவதை இவை தடுக்கின்றன. பலன் தெரிய ஆறு மாதம் ஆகும்; சுரப்பி ஏறத்தாழ கால் பங்கு சுருங்கும். பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கே இவை பொருந்தும். பொறுமையாகச் சாப்பிட்டால் கிடைப்பது என்ன என்பதை 1998இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது: 3,040 ஆண்களை நான்கு ஆண்டுகள் கவனித்ததில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 7 விழுக்காட்டினருக்குத் திடீர் நீரடைப்பு வந்தது, ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டவர்களில் 3 விழுக்காடு, அறுவைக்குப் போனவர்கள் அங்கே 10 விழுக்காடு, இங்கே 5. இந்த எண்களை இரு பக்கமும் படிக்க வேண்டும். மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்பது ஒரு பக்கம். போலி மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் நான்கு ஆண்டுகளில் அறுவைக்குப் போகவில்லை என்பது மறுபக்கம். 2003இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு, இரு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் முற்றும் வாய்ப்பு 66 விழுக்காடு குறைவதாகவும், தசை தளர்த்தும் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் தொல்லை குறைந்தாலும் நீண்ட காலத்தில் நீரடைப்பும் அறுவையும் தவிர்க்கப்படுவதில்லை என்றும் காட்டியது. ஆகவே மாத்திரை சாப்பிடுகிற நானும் அதை அமிர்தமாக நினைப்பதில்லை.

சுருக்கும் மாத்திரையில் கவனிக்க வேண்டியது, புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க எடுக்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு மேல் இதைச் சாப்பிட்டவருக்கு பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். உண்மையில் 5 இருக்க வேண்டியவருக்குத் தாளில் 2.5 என்று வரும். வழக்கமான எல்லையான 4-க்குக் கீழே இருக்கிறதென்று மகிழ்ந்துவிடுவார். சோதனை எழுதும் மருத்துவருக்கு மாத்திரை விவரம் தெரிந்தால்தான் அதை இரட்டிப்பாக்கிப் பார்ப்பார். பாலுறவு நாட்டம் குறைவது சிலருக்கு வரும் பக்க விளைவு. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக்கூடாது. தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகள்களும் பேத்திகளும் உள்ள வீட்டில் இதைச் சொல்லிவைப்பது நல்லது. ஆண்மைக் குறைவுக்கான டடாலஃபிலை 5 மில்லிகிராம் அளவில் தினமும் கொடுப்பதும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது.

மருந்தைவிட எனக்குச் சினம் மூட்டுவது விளம்பரம்தான். புராஸ்டேட் கோளாறைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின் அட்டவணையில் புராஸ்டேட் சுரப்பிக் கோளாறுகளும் இருக்கின்றன. இருந்தும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் இரவு பதினொரு மணிக்கு என்ன ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மூலிகை என்ற பெயரில் அடைக்கப்பட்டது மூலிகைதானா என்பதும் கேள்வி. அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கென்று விற்கப்பட்ட பி.சி.-ஸ்பெஸ் என்ற "எட்டு மூலிகைக்" கலவை 2002இல் திரும்பப் பெறப்பட்டது. சோதித்தபோது அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் இருந்தது. 2004இல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக ஜாமாவில் கட்டுரை வந்தது. படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரை இந்தக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவுகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர், நீர் அடைத்த நிலையில் ஒருவர் வந்தால் கஷாயம் எழுதாமல் நேரே அறுவைப் பிரிவுக்கு அனுப்புகிற பொறுப்பு உள்ளவர்கள்.

மருந்து எதுவானாலும், அதற்கு முன் செய்ய வேண்டிய சில உண்டு. அவற்றுக்குச் செலவும் இல்லை. இரவு எழுவதற்கெல்லாம் புராஸ்டேட்டே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரையும் அதையே செய்யும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரையும் காபியையும் நிறுத்தலாம். ஆனால் எழுந்திருக்கப் பயந்து நாள் முழுதும் தண்ணீரைக் குறைத்தால், வேலூர் வெயிலில் சிறுநீர் கெட்டிப்பட்டுக் கல் சேர்வதுதான் மிச்சமாகும். சிறுநீர் கழித்த பிறகு ஓரிரு நிமிடம் நின்று மறுபடி முயன்றால் பை நன்றாகக் காலியாகும்.

அறுவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர் இறங்குவதற்காகப் போட்ட குழாயை எடுத்த பின்னும் அடைப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, பையில் கல் சேர்ந்தாலோ, தொற்றும் ரத்தப்போக்கும் மீண்டும் மீண்டும் வந்தாலோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, மாத்திரையும் கஷாயமும் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சதையைச் சீவி எடுக்கும் முறை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. இப்போது லேசரும் வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு நடைக் கூட்டத்தில் யாராவது "அப்ப கஷாயம் குடிக்கவே கூடாதா சார்?" என்று கேட்டால் நான் கூடாது என்று சொல்வதில்லை. ஏழு கேள்விகள் கொண்ட அறிகுறிப் பட்டியல் ஒன்று சிறுநீரக மருத்துவர்களிடம் இருக்கிறது. மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது. 7-க்குள் இருப்பவர்களுக்கு ஆங்கில மருத்துவமே பெரும்பாலும் மாத்திரை எழுதுவதில்லை. பொறுத்திருந்து பார்க்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை வாருங்கள் என்றுதான் சொல்கிறது. கஷாயத்தால் குணமானேன் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம். அவர்கள் நெருஞ்சிலைக் குடிப்பதை நான் ஏன் தடுக்க வேண்டும்? ஸ்கேனில் கழித்தபின் மிஞ்சும் நீரின் அளவு குறைவாக இருக்க வேண்டும், கிரியேட்டினின் சரியாக இருக்க வேண்டும், பி.எஸ்.ஏ. ஒருமுறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். கஷாயத்தைத் தொடங்கும் முன் மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதி, மூன்று மாதம் கழித்து அதே ஏழு கேள்விகளுக்கு மறுபடி விடை எழுத வேண்டும். குடிப்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இரண்டாவது தாளில் எண் ஏறியிருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குச் சீட்டுப் போட வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டவர்கள் எங்கள் கூட்டத்தில் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு எண் குறைந்தே இருக்கிறது, இன்னும் நெருஞ்சில்தான் குடிக்கிறார். மற்றொருவர் முதல் தாளிலேயே 22 எழுதினார்; அவரை நாங்கள் கடைவீதிப் பக்கம் விடவில்லை.